ஜே மதிப்பு தவறாக வந்தால்: அயனித் திண்மங்களின் காந்த இணைவுக் கணக்கைச் சரிபார்க்கும் வழி

"மூன்று வாரமாக யூ மதிப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் ஐயா, ஜே ஒன்று இன்னும் குறி மாறியே வருகிறது." காரைக்குடியில் என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி சென்ற கோடையில் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். ஜே என்பது இரண்டு அயனிகளின் காந்த இணைவின் அளவு, ஜே ஒன்று மிக அருகில் உள்ள அண்டைகளுடையது; யூ என்பது ஒரே அயனியில் இரண்டாவது எலக்ட்ரானுக்கான விலையாக நாம் கணக்கில் போடும் எண். பொருள் நிக்கல் ஆக்சைடு. இதைவிட எளிய காந்த ஆக்சைடு கிடையாது என்றே சொல்லலாம். அவளுடைய கோப்புகளைத் திறந்து பார்த்தபோது யூவில் குற்றமே இல்லை. குற்றம் வேறோர் இடத்தில் இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இந்த ஊரில் இருக்கிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகள் மின்கலப் பொருள்களாக இங்கே பலருக்கும் பழக்கமானவை. அவற்றையே காந்தப் பொருள்களாகப் பார்த்து, அருகருகே உள்ள இரண்டு அயனிகளின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாக உணர்கின்றன என்று கணக்கிட வரும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காரணம் கணக்கின் இயல்பிலேயே இருக்கிறது. எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நிக்கல் ஆக்சைடு அலகின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 43,000 எலக்ட்ரான் வோல்ட். நாம் தேடும் ஜே இரண்டோ இருபதோ மில்லி எலக்ட்ரான் வோல்ட். அத்தனை பெரிய இரண்டு தொகைகளைக் கழித்து மிஞ்சும் சில்லறையில்தான் நம் விடை இருக்கிறது.

செட்டிநாட்டுக் கடைகளில் ஐந்தொகை நேராகவில்லை என்றால் யாரும் வட்டி விகிதத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். எந்தப் பற்று எந்த வரவில் விழுந்தது என்று பேரேட்டைத்தான் புரட்டுவார்கள். இந்தக் கணக்குக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோடிகளின் எண்ணிக்கை, கூடு (திண்மத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகு), தற்சுழற்சி நிலை ஆகிய மூன்றும் சரி என்று தெரியும் வரை சார்பியத்தையோ (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் வாய்பாடு) யூவையோ தொடக் கூடாது. கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான் இப்படி அமைந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே மரபு: ஒவ்வொரு சோடியையும் ஒருமுறை மட்டும் எண்ணுகிறேன், சோடியின் ஆற்றல் ஜே × எஸ்₁·எஸ்₂. எஸ் என்பது அயனியின் தற்சுழற்சி. ஆகவே ஜே நேர்மறை என்றால் எதிர்ஃபெர்ரோ, தற்சுழற்சிகள் எதிரெதிராக நிற்கும்; எதிர்மறை என்றால் ஃபெர்ரோ, ஒரே திசையில் நிற்கும். மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை மி.எ.வோ. என்று சுருக்கியிருக்கிறேன்.

விடை சரியாக இரண்டு மடங்கு, அல்லது சரியாகப் பாதி, அல்லது குறி மட்டும் எதிர்

இங்கே இயற்பியலில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மரபில்தான் இருக்கும். சோடியின் இந்த ஆற்றலை, அதாவது ஹைசன்பர்க் ஆற்றலை, சிலர் −2ஜே என்று எழுதுகிறார்கள், சிலர் −ஜே, சிலர் +ஜே. சிலர் ஒவ்வொரு சோடியையும் இருமுறை கூட்டுகிறார்கள். நீங்கள் ஒப்பிடும் கட்டுரையின் முதல் சமன்பாட்டைத் தேடிப் படிக்காமல் அதன் அட்டவணையை எடுத்தாளாதீர்கள்.

இன்னொரு இரட்டிப்பு அலகில் ஒளிந்திருக்கும். சில நிரல்கள் ஆற்றலை ஹார்ட்ரியில் அச்சிடும், சில ரிட்பெர்க்கில். ஒரு ஹார்ட்ரி 27,211 மி.எ.வோ.; ரிட்பெர்க் அதில் பாதி. கெல்வினுக்கு மாற்ற ஒரு மி.எ.வோ.வுக்கு 11.6 கெல்வின், அலை எண்ணுக்கு மாற்ற சென்டிமீட்டருக்கு 8.07.

மூன்றாவது இரட்டிப்பு நுட்பமானது. எஸ் அரை கொண்ட இரண்டு செம்பு அயனிகளில், உண்மையான ஒற்றை நிலைக்கும் (மொத்தத் தற்சுழற்சி பூச்சியம்) மும்மை நிலைக்கும் (மொத்தம் ஒன்று) இடையிலான இடைவெளி ஜே. ஆனால் நாம் ஒரே ஒரு ஸ்லேட்டர் அணிக்கோவையால் (ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஓர் ஆர்பிட்டாலை ஒதுக்கும் எளிய அலைச்சார்பு) செய்யும் மேல்-கீழ் கணக்கு ஒற்றை நிலை அல்ல. அது ஒற்றையும் மும்மையும் சரிபாதியாகக் கலந்த, சமச்சீர் உடைந்த நிலை. உயர் தற்சுழற்சி நிலையிலிருந்து அதன் தூரம் ஜேயில் பாதிதான். இந்தச் சமச்சீர் உடைந்த அணுகுமுறையை நூடில்மன் 1981இல் முறையாக வகுத்தார். இரண்டு நிலைகளின் எஸ்-வர்க்க மதிப்புகளை (மொத்தத் தற்சுழற்சியின் வர்க்கம்) கொண்டு திருத்தும் யமகுச்சி வாய்பாடு நம் மரபில் இப்படி வரும்: ஆற்றல் வேறுபாட்டை இரண்டால் பெருக்கி, எஸ்-வர்க்க வேறுபாட்டால் வகுத்தால் ஜே.

அந்த எஸ்-வர்க்க மதிப்பு நல்ல சாட்சியும்கூட. இரண்டு செம்புக்கு உயர் நிலையில் 2, உடைந்த நிலையில் ஏறத்தாழ 1. இரண்டு நிக்கலுக்கு 6, 2. இரண்டு மாங்கனீசுக்கு 30, 5. உங்கள் வெளியீடு இதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் நீங்கள் நினைத்த நிலையில் கணக்கு இல்லை.

எதிர்ஃபெர்ரோவாகத் தொடங்கியது ஃபெர்ரோவாகவோ காந்தமே இல்லாமலோ முடிகிறது

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். உள்ளீட்டில் எல்லா நிக்கலுக்கும் ஒரே பெயர் கொடுத்திருப்பீர்கள். நிரல் அவற்றைச் சமச்சீரால் சமமானவை என்று எடுத்துக்கொண்டு தற்சுழற்சியையும் சமமாக்கிவிடும். மேல் நிக்கலுக்கு ஒரு பெயர், கீழ் நிக்கலுக்கு ஒரு பெயர் கொடுங்கள். தொடக்க மதிப்பை எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். முடிந்ததும் ஒவ்வோர் உலோக அணுவின் காந்தத் திருப்புத்திறனையும் படியுங்கள். நிக்கலுக்கு இரண்டுக்குச் சற்றுக் கீழே, மாங்கனீசுக்கு ஐந்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மொத்தத் திருப்புத்திறன் பூச்சியம் என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்; காந்தமே இல்லாத நிலைக்கும் மொத்தம் பூச்சியம்தான்.

கூட்டை மாற்றினால் ஜேயும் மாறுகிறது

என் மாணவியின் நோய் இதுதான். இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான்.

நிக்கல் ஆக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் உப்புக்கல் அமைப்பு. ஒவ்வோர் உலோக அயனிக்கும் அருகில் 12 அண்டை அயனிகள். அவற்றோடு உள்ள இணைவு ஜே ஒன்று. அதற்கு அப்பால், நடுவில் ஆக்சிஜனை வைத்து நேர்க்கோட்டில் 6. அது ஜே இரண்டு. மாங்கனீசு ஆக்சைடின் காந்த ஒழுங்கை ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான்களால் 1949இல் முதன்முதலில் காட்டினார்கள். தளங்கள் கூட்டின் மூலைவிட்டத் திசையில் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே காந்தக் கூடு வேதியியல் கூட்டைவிட இரு மடங்கு பெரியது.

அவள் செய்தது என்ன? ஃபெர்ரோ நிலையைச் சிறிய கூட்டில் கணக்கிட்டாள். எதிர்ஃபெர்ரோவை இரட்டித்த சாய்கூட்டில் கணக்கிட்டாள். இரண்டுக்கும் கே-புள்ளி வலை (எலக்ட்ரான் அலைகளின் தலைகீழ் வெளியில் நாம் கணக்கிடும் புள்ளிகள்) 8×8×8 என்றே எழுதினாள். எண்கள் ஒன்றாக இருப்பதால் தரம் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். கூடு மாறும்போது தலைகீழ் வெளியும் சுருங்குகிறது. அதே எண் அங்கே வேறு அடர்த்தி. அந்த வலை வேறுபாட்டால் வரும் பிழை சில மி.எ.வோ. என்றாலே போதும். ஜே ஒன்றின் அளவே ஒன்றரை மி.எ.வோ. பக்கம்தான்! குறி மாறியதில் வியப்பில்லை. யூவை மாற்றினால் இந்தப் பிழை எப்படிப் போகும்?

சரியான வழி எளிது. முதன்மைக் கூட்டை மூன்று திசையிலும் இரட்டியுங்கள்: 8 நிக்கல், 8 ஆக்சிஜன், மொத்தம் 16 அணுக்கள். நமக்கு வேண்டிய மூன்று ஒழுங்குகளும் இந்த ஒரே கூட்டில் அடங்கும். ஒரே கூடு, ஒரே வலை, ஒரே வெட்டு ஆற்றல் (கணக்கில் சேரும் அலைகளுக்கு இடும் வரம்பு). கழிக்கும்போது பொதுவான பிழைகள் பெரும்பாலும் தாமாகவே நீங்கிவிடும்.

அடுத்து எண்ணிக்கை. இதை அவளுக்குக் காகிதத்தில் விளக்கிப் புரியவில்லை. பள்ளத்தூரில் அவளுடைய ஆயா வீடு இருக்கிறது. வளவு முழுதும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், கறுப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம் போல் பதித்த பகுதியில் அவளை நிற்கச் சொன்னேன். பக்கத்தைத் தொடும் நான்கு கற்களும் எதிர் நிறம். மூலையைத் தொடும் நான்கும் அதே நிறம். கறுப்பு ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை என்று பதித்திருந்தால்? பக்கத்துக் கற்களில் இரண்டு அதே நிறம், இரண்டு எதிர் நிறம். மூலைக் கற்கள் நான்கும் எதிர் நிறம். முதல் ஒழுங்கில் பக்க இணைவு முழுமையாக வெளிப்படுகிறது. இரண்டாவதில் அது தன்னைத்தானே அழித்துக்கொண்டு மூலை இணைவு மட்டும் நிற்கிறது. லாந்தனம் செம்பு ஆக்சைடின் செம்புத் தளத்துக்கு இந்தத் தரையையே அப்படியே வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் மூன்று பரிமாண எண்ணிக்கையை அவளே போட்டுவிட்டாள்.

அவள் போட்ட கணக்கு இது. நிக்கலுக்கு எஸ் ஒன்று. ஒரு நிக்கலுக்குச் சோடிகள் ஆறு ஜே ஒன்று, மூன்று ஜே இரண்டு. ஃபெர்ரோவில் எல்லாம் கூட்டல்: 6 ஜே ஒன்று + 3 ஜே இரண்டு. கனசதுரப் பக்கத் திசையில் தளம் தளமாக மாறும் முதல் வகை எதிர்ஃபெர்ரோவில், 12 அண்டைகளில் 4 ஒத்தவை, 8 எதிரானவை. இரண்டாம் அண்டைகள் ஆறும் ஒத்தவை: −2 ஜே ஒன்று + 3 ஜே இரண்டு. மூலைவிட்டத் திசையில் மாறும் இரண்டாம் வகையில், 12இல் 6 ஒத்தவை, 6 எதிரானவை; இரண்டாம் அண்டைகள் ஆறும் எதிரானவை: ஜே ஒன்று மறைந்து −3 ஜே இரண்டு. ஆகவே:

ஜே ஒன்று = (ஃபெர்ரோ − முதல் வகை) ÷ 8

ஜே இரண்டு = (ஃபெர்ரோ − இரண்டாம் வகை) ÷ 6 − ஜே ஒன்று

ஆற்றல்கள் ஒரு நிக்கலுக்கு. ஹட்சிங்ஸ், சாமுவெல்சன் இருவரும் 1972இல் நியூட்ரான் சிதறலால் அளந்த மதிப்புகள் ஜே இரண்டு சுமார் 19 மி.எ.வோ., ஜே ஒன்று சுமார் −1.4 மி.எ.வோ. நேர்க்கோட்டில் ஆக்சிஜன் வழியாகப் போகும் இணைவு வலுவான எதிர்ஃபெர்ரோ, செங்கோணத்தில் வளைந்து போவது மெலிந்த ஃபெர்ரோ. குடினஃப், கனமோரி விதிகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். உங்கள் ஜே ஒன்று பெரிதாகவும் ஜே இரண்டு சிறிதாகவும் வந்தால் பெயர்களை மாற்றி ஒட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

மூன்று நிலைகளும் பொருந்துகின்றன, ஆனால் நம்பலாமா?

மூன்று ஆற்றல்களிலிருந்து மூன்று தெரியாதவற்றைக் கண்டால் எப்போதும் பொருந்தும். தவறான எண்களும் பொருந்தும். அதனால் நான்காவது நிலை ஒன்று கட்டாயம். அதே 16 அணுக் கூட்டில் ஃபெர்ரோ நிலையை எடுத்து ஒரே ஒரு நிக்கலை மட்டும் திருப்புங்கள். கூட்டின் மொத்த ஆற்றல் 24 ஜே ஒன்று + 12 ஜே இரண்டு அளவு குறைய வேண்டும். மேலே சொன்ன சோதனை மதிப்புகளுக்கு அது 195 மி.எ.வோ. பக்கம். உங்கள் ஜேக்கள் முன்கூட்டிச் சொல்லும் எண்ணும் நேராகக் கணக்கிட்ட எண்ணும் சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் ஹைசன்பர்க் வடிவம் இந்தப் பொருளுக்குத் தாங்குகிறது. ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு நிலையிலும் நிக்கலின் திருப்புத்திறனைப் பாருங்கள். நிலைக்கு நிலை அது மாறினால் தற்சுழற்சி இடத்தில் நிலைத்திருக்கவில்லை. மாறவில்லை என்றால் மூன்றாம் அண்டையையோ நான்கு அயனிகள் சேர்ந்த வளைய உறுப்பையோ விட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒழுங்கு, இருமுறை ஓட்டினால் இரண்டு ஆற்றல்

நிக்கலிலும் மாங்கனீசிலும் இது அரிது. அவற்றின் டி ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான் எங்கே உட்காரும் என்ற ஐயம் இல்லை. இரும்பு, கோபால்ட், செம்பு என்று வந்தால் நிலைமை வேறு. யூ சேர்த்த கணக்கில் ஆர்பிட்டால் நிரம்பல் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் குவியும். மிகத் தாழ்ந்த ஆற்றலுக்கு மேலே உள்ள பள்ளம் ஒன்றில் கணக்கு சிக்கிக்கொண்டு குவிந்துவிட்டதாகச் சொல்லும்.

பொட்டாசியம் செம்பு ஃபுளூரைடு இதற்குச் சரியான பாடம். கூடு கிட்டத்தட்டக் கனசதுரம்தான். ஆனால் காந்தம் ஒரு திசையில் மட்டும் சங்கிலி போல் வலுவானது, குறுக்கே மிக மெலிந்தது. செம்பின் எலக்ட்ரான் வெற்றிடம் அமர்ந்த ஆர்பிட்டால்கள் அடுத்தடுத்த அயனிகளில் திசை மாறி நிற்பதுதான் காரணம். கூட்டைச் சரியான கனசதுரமாக வைத்து, சமச்சீரையும் திணித்தால் அந்த ஒழுங்கு அழிந்து மூன்று திசையிலும் ஒரே ஜே வரும். பார்க்க அழகாக இருக்கும், முழுக்கத் தவறு. சமச்சீரை அணைத்து, ஆக்சிஜனுக்கு இணையான ஃபுளூரின் அணுக்களைச் சோதனையில் கண்ட இடங்களிலேயே வைத்து, நிரம்பல் அணியை நீங்களே கொடுத்துத் தொடங்குங்கள். பல தொடக்கங்களில் எது தாழ்ந்த ஆற்றலோ அதையே எடுங்கள். இரும்பு, கோபால்ட் ஆக்சைடுகளில் சுற்றுப்பாதை-தற்சுழற்சி இணைவும் சேர்ந்துகொள்ளும். ஒற்றை ஜே அங்கே முழுக் கதையைச் சொல்லாது.

எல்லாம் சரி, ஆனால் ஜே மிகப் பெரியது அல்லது மிகச் சிறியது

இப்போதுதான் கோட்பாட்டைத் தொடலாம். கிராமர்ஸ் 1934இல் தொடங்கி ஆண்டர்சன் 1950களில் வகுத்த மீப்பரிமாற்றப் படத்தில் ஜே ஏறக்குறைய நான்கு டி-வர்க்கத்தை யூவால் வகுத்தது. இந்த டி மேலே சொன்ன டி ஆர்பிட்டால் அல்ல; எலக்ட்ரானானது நடுவில் உள்ள ஈனி (உலோகத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் போன்ற அயனி) வழியாக ஓர் உலோக அயனியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அளவு. யூ என்பது ஒரே அயனியில் இரண்டாவது எலக்ட்ரானுக்கான விலை. சாதாரண அடர்த்திச் சார்பியங்கள் எலக்ட்ரானை அளவுக்கு மீறிப் பரப்பிவிடுகின்றன: ஜே பல மடங்கு பெரிதாகும். ஒற்றை அணிக்கோவைக் கணக்கான ஹார்ட்ரி-ஃபாக் அளவுக்கு மீறி ஒடுக்குகிறது: ஜே சோதனை மதிப்பில் கால் பங்கு, மூன்றிலொரு பங்கு என்று நிற்கும். இரண்டையும் கலந்தால் நடுவில் வரும். இவ்வகை நிக்கல் சேர்மங்களுக்கு ஹார்ட்ரி-ஃபாக் பரிமாற்றம் 35 விழுக்காட்டை ஒட்டிக் கலக்கும்போது நல்ல மதிப்பு கிடைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வேதியியலில் வழக்கமான 20 விழுக்காடு இன்னும் பெரிய ஜேயையே தரும். யூ சேர்த்த கணக்கில் யூவை ஏற்ற ஏற்ற ஜே இறங்க வேண்டும். அப்படி இறங்காமல் தாவினால் முந்தைய தலைப்புக்குத் திரும்புங்கள். ஆர்பிட்டால் நிலை மாறியிருக்கிறது.

கலவை விழுக்காட்டைத் திருகுவதற்கு முன் கூட்டின் நீளத்தையும் பாருங்கள். புளோக் கண்ட அனுபவ விதிப்படி ஜே பருமனின் −10/3 அடுக்கில் மாறும். அதாவது நீளத்தின் பத்தாம் அடுக்கில். கூட்டின் நீளத்தில் ஒரு விழுக்காடு பிசகினால் ஜேயில் பத்து விழுக்காடு போய்விடும். சோதனையோடு ஒப்பிடும்போது சோதனையில் அளந்த கூட்டையே வையுங்கள்.

கொத்துக் கணக்கில் எலக்ட்ரான் வெளியே ஓடுகிறது

திண்மத்திலிருந்து இரண்டு உலோக அயனிகளையும் அவற்றைச் சூழ்ந்த ஈனிகளையும் மட்டும் வெட்டியெடுத்து, எஞ்சியதைப் புள்ளி மின்னூட்டங்களாக வைப்பது இன்னொரு வழி. நேர்க்கோட்டு நிக்கல் சோடிக்கு 2 நிக்கல், 11 ஈனிகள். லாந்தனம் செம்பு ஆக்சைடுத் தளத்துக்கு 2 செம்பு, 7 ஆக்சிஜன். இதில் ஆர்பிட்டால் ஆற்றல்கள் விபரீதமாக இருந்தாலோ பெரிய அடித்தளம் (ஆர்பிட்டால்களை வரையும் சார்புகளின் தொகுப்பு) போட்டதும் ஜே எங்கோ போனாலோ, ஓர ஆக்சிஜன்களின் எலக்ட்ரான்கள் பக்கத்து நேர்மின் புள்ளிகளை நோக்கிக் கசிகின்றன என்று பொருள். வெறும் புள்ளிக்குத் தடுக்கும் உள்ளுறை எலக்ட்ரான்கள் கிடையாது. கொத்தைத் தொடும் நேர் அயனிகளுக்கு மட்டும் முழு அயனி மின்னழுத்தம் ஒன்றைப் பொருத்துங்கள். பிறகு கொத்தின் நடுவில் மேடலுங் மின்னழுத்தம் (சுற்றியுள்ள எல்லா மின்னூட்டங்களும் சேர்ந்து தருவது), முடிவற்ற படிகத்துக்குச் செய்யும் எவால்ட் கூட்டலோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால், ஓரப் புள்ளிகளுக்கு எவியன் முறைப்படி பாதி, கால், அரைக்கால் மின்னூட்டம் கொடுக்க மறந்திருப்பீர்கள்.

இங்கே இரண்டு எலக்ட்ரான், இரண்டு ஆர்பிட்டால் கொண்ட செயல்வெளிக் கணக்கு மிகச் சிறிய ஜேயைத் தந்தால் பதற வேண்டாம். தர வேண்டியது அதுதான். எலக்ட்ரான் தாவும்போது சுற்றியிருப்பவை சரிந்து கொடுப்பது அதில் இல்லை. வேறுபாட்டுக்கென வகுத்த உருவமைப்புக் கலப்பு முறை அதைச் சேர்க்கிறது. லாந்தனம் செம்பு ஆக்சைடில் அம்முறை சோதனை மதிப்பான 130 மி.எ.வோ.வுக்கு அருகில் கொண்டுசேர்க்கும்.

ஜே சரி, நீல் வெப்பநிலை தவறு

ஜே இரண்டுக்கு 19 மி.எ.வோ. போட்டு, சராசரிப் புலத் தோராயத்தில் நிக்கல் ஆக்சைடின் நீல் வெப்பநிலையை (எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு குலையும் வெப்பநிலை) கணக்கிட்டால் 880 கெல்வின் வரும். உண்மை 523 கெல்வின். என் மாணவி இதைக் கண்டதும் ஜேயைக் குறைக்கத் திரும்பிப் போகப் பார்த்தாள். போகக் கூடாது. சராசரிப் புலம் அண்டைகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதில்லை; எப்போதும் மேலேதான் காட்டும். அதே ஜேக்களை மாண்டி கார்லோவில் (தற்சுழற்சிகளைக் குலுக்கல் முறையில் மாற்றிப் பார்க்கும் கணினிக் கணக்கு) போட்டு, பெட்டியின் பக்கத்தை இரண்டு மூன்று அளவில் மாற்றி, வெப்பக் கொள்ளளவின் உச்சி எந்த வெப்பநிலையில் நிலைக்கிறது என்று பாருங்கள்.